கோடு வாங்கிப் போனவர்கள்

கல்யாண மண்டபத்துக்காரர் நல்லசிவத்தின் கருப்புக் கார் பட்டறைக்குள் வந்த அன்று அங்கே இருந்தவர்கள் எட்டுப் பேர்: பட்டறை முதலாளி ஜமால் பாய், டிங்கர் ஆறுச்சாமி, லாரிகளின் முதுகில் எழுத்து எழுதுகிற கலைமணி, பட்டி வைத்து வாட்டர் பேப்பர் தேய்க்கிற நான், டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காலி டம்ளருக்காக நின்ற மாரப்பன், காலையிலிருந்தே தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்த பாவாயி, காரை ஓட்டி வந்த நல்லசிவம், காரின் பின் சீட்டில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த, எங்களில் ஒருவரும் ஆள் கணக்கில் சேர்க்காமல் விட்ட அவர் மனைவி மரகதம்.

ஒன்பதாவதாக ஒருவன் அங்கே இல்லாமல் இருந்தான். பாவாயியின் மகன் பூபதி.

பூபதி நல்லசிவத்துக்கு டிரைவராக இருந்தவன். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்தக் கருப்புக் காரின் முன் கதவில் தொடங்கிப் பின் விளக்கு வரைக்கும் ஒரே இழுப்பாக ஒரு கோடு கிடந்தது. முந்தின நாள் லீவு கேட்டுத் திட்டு வாங்கியவன் பூபதி என்பதால் கோடும் அவன் போட்டது என்றே ஆயிற்று. நல்லசிவம் அவனை மண்டப வாசலில் நிறுத்தி நாலு பேர் பார்க்கக் கேட்டார், அவன் இல்லை என்றான், மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றான். சத்தம் கேட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பாவாயி, என்ன ஏது என்று விசாரிக்காமல், "செஞ்சதை ஒத்துக்கிட்டுக் கால்ல உளுடா" என்று மகனின் கன்னத்தில் அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாவியைப் பானட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தான். போனவன் போனவன்தான்.

நல்லசிவம் அந்தக் கோட்டை எடுக்கச் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும். பாக்கறவனெல்லாம் பாக்கட்டும்" என்று மூன்று வருசமும் அதோடுதான் ஊருக்குள் ஓட்டினார். கார் தெருவில் போகும்போதெல்லாம் பாவாயி, அது ஏதோ சாமி தேர் மாதிரி, வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று அந்தக் கோட்டைப் பார்ப்பாள்.

எங்கள் பட்டறையில் கோடுகள் உரிந்து வர ஆரம்பித்தது அவன் போய் ஒரு வருசத்துக்குப் பிற்பாடு, ஆடி மாதக் காற்றில். வேண்டுமென்று சாவியாலோ ஆணியாலோ கிழித்த கோட்டை எடுப்பது எப்போதும் ஒரே வேலைதான். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துக் கோட்டின் இரண்டு கரையும் விரலுக்குத் தட்டுப்படாத வரைக்கும் தேய்க்க வேண்டும், பள்ளத்தை அடைக்கப் பட்டி இழுக்க வேண்டும், அது காய்ந்ததும் மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்த்து, கை ஒன்றும் சொல்லவில்லை என்றால்தான் பெயிண்ட். அன்று ஒரு வாத்தியாரின் சிவப்புக் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கோடு பொடியாகக் கரைவதற்குப் பதிலாக அதன் ஒரு முனை எழும்பி நின்றது. மாஸ்கிங் டேப்பின் நூலாக இருக்கும் என்று பிடித்து இழுத்தேன். வாழைமட்டையில் நார் உரிவது போல முழுக் கோடும் உரிந்து கையோடு வந்துவிட்டது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். தண்ணீர் ஒட்டாமல் சில்லென்று இருந்தது. கிழித்தவன் கையை எடுத்த இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி. கதவைத் தடவினால் பள்ளம் இல்லை.

ஜமால் பாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சுங்ணா, பட்டி மிச்சம்" என்றார்.

அதைக் குப்பையில் போட மனம் வராமல், பழைய பேப்பர் தொங்கவிடுகிற கம்பியில் ஒரு முனையைக் கட்டி விட்டேன். அதன் மறுமுனை கீழே தொங்காமல் மெதுவாக எழும்பி, ரேஷன் கடைப் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. காற்று என்று நினைத்து ஃபேனை நிறுத்தினோம். அப்போதும் ரேஷன் கடைப் பக்கம்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பி, சாயங்காலம் மறுபடி ரேஷன் கடைக்கே வந்தது. மாரப்பன் டீ டம்ளரைப் பொறுக்கிக்கொண்டே, "ரேஷன்ல எடை போடறவரு இன்னைக்குச் சேலம் போயிட்டு வந்தாருங்க" என்று சொன்னான், யாரும் கேட்காமலே.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த எடை போடுகிறவரே வந்தார். காலி பட்டி டப்பா ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். பேசிக்கொண்டே கம்பிப் பக்கம் கையை நீட்டினார். கோடு கம்பியை விட்டுக் கழன்று, அவருடைய ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, சூடான தோசையில் வெண்ணெய் இறங்குவது போல உள்ளே இறங்கிவிட்டது. நெடுநாள் போட்ட மோதிரத்தைக் கழற்றின இடம் போல ஒரு வெளுத்த வளையம் மட்டும் மிஞ்சியது. "டப்பா வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படித்தான் தெரிந்துகொண்டோம், கோடு தன்னைப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதும், அந்தக் கை வந்து தொட்டால் அதற்குள் போய்விடும் என்பதும்.

விசயம் பரவியதும் ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கார்க்காரர்கள் கோட்டைக் கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் கோட்டைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு அது காட்டிய வழியே ஆறு தெரு நடந்து, கடைசியில் தன் சொந்தத் தம்பி வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்று, பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதற்கப்புறம் எங்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. இன்னொருவர் தன் வண்டியை எவனோ பொறாமையில் கிழித்துவிட்டான் என்று பெண்டாட்டியோடு வந்து நின்றார். நான் தேய்க்கத் தேய்க்கப் பொடிதான் வந்தது, நார் வரவில்லை. முள்ளும் வாசல் கேட்டும் உரசின கோடு எல்லாம் பழையபடி பொடியாகத்தான் போகும். அந்தம்மா புருசனை ஏற இறங்கப் பார்த்து, "பொறாமை நம்மூட்டுக் கேட்டுக்குங்களா?" என்று கேட்டார்.

மூன்று கோடுகள் எந்தப் பக்கமும் எழும்பாமல் தூக்குக்குண்டு போல நேராகக் கீழே தொங்கின. போட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். பிற்பாடு இன்னொன்றும் அப்படி வந்தது. அவற்றைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். வண்டிக்காரரோடு பகை வைத்திருந்து செத்தவர் யார் என்று விசாரித்து அவரவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் அழுதார்களே தவிர ஆச்சரியப்படவில்லை. இலையில் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அமாவாசை அன்று பவானி கூடுதுறையில் எள்ளோடு சேர்த்து விட்டுவிட்டு வந்தார்கள். ஆற்றில் விட்ட பிறகு அது ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனது என்று ஒரு பெண் சொன்னாள்.

கடைசியில் நல்லசிவத்தின் மண்டபத்திலேயே கூட்டம் போட்டு ஒரு வழக்கம் வைத்தார்கள். வண்டிக்காரருக்கு வண்டி, கோட்டைப் போட்டவருக்குக் கோடு. கோடு பட்டறையை விட்டு வேறு எவர் கையிலும் வெளியே போகக் கூடாது, செத்தவர்களுடையதைத் தவிர. கம்பிக்கு முன்னால் ஒரு சாக்குத் திரை தொங்க வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் யார் வந்து சாக்கைத் தூக்கினாலும் பட்டறையில் இருப்பவர் முதுகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். நான்தான் வெள்ளிக்கிழமைகளில் கடைசியாகக் கிளம்புகிறவன் என்பதால் அந்த முதுகு என் முதுகாக ஆயிற்று. சாக்கு சரசரக்கும். நான் பெயிண்ட் டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருப்பேன். போன பிறகு திரும்பிக் கம்பியைப் பார்த்து எத்தனை குறைந்தது என்று மனசில் கழித்துக்கொள்வேன். பந்தியில் பரிமாறுகிறவர்களின் விரலில் வளையம் இருக்கிறதா என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதும் ஊர் தானாகவே பழகிக்கொண்டது.

பழகப் பழக, பிடிபட வேண்டும் என்றே கோடு போடுகிறவர்களும் வந்தார்கள். நர்சிங் படிக்கிற ஒரு பெண், தன்னோடு பேசாத ஒரு பையனின் பைக் டேங்கில் நெல் அளவுக்கு ஒரு கோடு போட்டுவிட்டாள். அதை உரித்த அன்று அது தெருமுனையைக் காட்டியது. அங்கே அவள் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அவர்களுக்கு ஒரு குழந்தை.

பாவாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் கும்பிடாத சாமி இல்லை, கேட்டதெல்லாம் நல்லசிவத்தின் கார் பட்டறைக்கு வர வேண்டும் என்பதுதான். கோட்டை உரித்தால் அது மகன் இருக்கிற திக்கைக் காட்டும். இல்லையென்றால் நேராகத் தொங்கும். இரண்டில் எதுவானாலும் தெரிய வேண்டும் அவளுக்கு. நல்லசிவத்திடம் போய் நின்றும் பார்த்தாள். அவர் மசியவில்லை. பிறகு அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கோடு போட்ட காரா என்று சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டார்கள். இரண்டு வருசமாகப் பாவாயியின் கண்ணீருக்கு வராத கார் அந்த ஒரு வார்த்தைக்கு வந்தது. பத்திரிகை வைக்கப் போகிற வழியில் மனைவியோடு வந்திறங்கினார்.

"அம்மிணி எறங்கலீங்களா?" என்று ஜமால் பாய் கேட்டார்.

"அவ இருப்பா. வெயிலு. நீங்க பாட்டுக்குத் தேயுங்க" என்றார் நல்லசிவம். பிறகு டிரம் பக்கம் பார்த்து, "பாவாயி, நீயும் நல்லாப் பாத்துக்க. எந்த ஊர்ல ஒளிஞ்சிருந்தாலும் இன்னைக்குத் தெரிஞ்சு போயிரும்" என்றார்.

"தெரியட்டுங்க. அதுக்குத்தானுங்க உக்காந்திருக்கறேன்" என்றாள் பாவாயி.

வேலையைத் தொடங்குமுன் காரைச் சுற்றித் தடவிப் பார்ப்பது என் வழக்கம். நீளக் கோடு ஒன்று. பின் பக்கம், டிக்கியின் ஓரத்தில், கட்டை விரல் நீளத்துக்கு இன்னொன்று. "ரெண்டு இருக்குதுங்க" என்றேன். "அதெல்லாம் எவன் கண்டான், நீளத்தை எடுங்க மொதல்ல" என்றார் நல்லசிவம்.

மூன்று வருசத்துக் கோடு என்பதால் உடைந்துவிடக் கூடாதே என்று மெதுவாகத் தேய்த்தேன். முன் கதவில் முனை எழும்பியது. ஆறுச்சாமி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொள்ள, பின் விளக்கு வரைக்கும் முறியாமல் உரிந்து வந்தது. பாவாயி எழுந்து வந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு முனையைப் பிடித்து மறுமுனையை விட்டேன். அது கீழே தொங்கவில்லை. "இருக்கறான்" என்று பாவாயி சொன்னாள், "எங்கண்ணு இருக்கறான்." கோடு நிமிர்ந்து, விறைத்து, காரின் பின் கதவைக் காட்டியது.

நான் காரின் அந்தப் பக்கம் போய் நின்றேன். அங்கேயிருந்தும் பின் கதவைத்தான் காட்டியது.

"காரு தன்னைத்தானே கிழிச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்றான் ஆறுச்சாமி.

"வெளையாடாதே. வண்டியிலிருந்து உரிச்சதால வண்டியைக் காட்டுது. வண்டியை வெளிய தள்ளுங்க" என்றார் நல்லசிவம். மனைவியை இறங்கச் சொல்ல அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. ஆறுச்சாமியும் கலைமணியும் மாரப்பனும் சேர்ந்து காரை அந்த அம்மாவோடு வாசலுக்குத் தள்ளினார்கள். கார் உருண்ட பக்கமெல்லாம் கோடு சேர்ந்து திரும்பியது. வாசலில் கார் நின்றதும் பின் கதவு திறந்தது. மரகதம் இறங்கி, காரை விட்டு நாலடி தள்ளி வேப்பமரத்து நிழலில் போய் நின்றார். கோடு காரை விட்டுவிட்டு மரத்துக்குத் திரும்பியது.

காரைத் தள்ளியவர்கள் கையை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

"பீரோ சாவியில போட்டேன்" என்றார் மரகதம். "டிரைவர் பையனைக்கூடப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு. என்னை இருவத்தாறு வருசமா 'ஏய்'தான். அன்னைக்கு விடியக்காலம் என்னமோ கை அரிச்சுது, போட்டுட்டேன். பையன் மேல சொல்லுவாருன்னு நெனைக்கலே. சொன்னதுக்கப்பறம் எனக்கு வாய் வரலே." பிறகு பாவாயியைப் பார்த்தார். "நீ அடிச்சப்போ நான் மாடியில நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், பாவாயி."

அவர் பட்டறைக்குள் வந்து கையை நீட்டினார். வெள்ளிக்கிழமை இல்லை, விளக்கு வைக்கிற நேரமும் இல்லை, சாக்கும் இல்லை. நாங்கள் ஆறு பேரும் முதுகைத் திருப்ப மறந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கோடு அவர் விரலில் சுற்றியது, நீளம் அதிகமாக இருந்ததால் எல்லா விரலிலும் சுற்றி மணிக்கட்டு வரைக்கும் போய் இறங்கியது. முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றவர் நல்லசிவம் ஒருவர்தான். சுவரைப் பார்த்தபடியே, "மரகதம்" என்றார். அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்து போனார்.

பாவாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. அவன் எங்கே இருக்கிறான் என்பது தெரியாமல் போய்விட்டது. "இல்லேன்னானே, ரெண்டு வாட்டி இல்லேன்னானே" என்று தன் வலது கையை இடது கையால் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொண்ணு இருக்குதும்மா" என்றேன்.

டிக்கி ஓரத்துக் கோடு ஒரு தேய்ப்பில் வந்துவிட்டது. சாவியை வைக்கக் காரைச் சுற்றி வந்தானே, அப்போது போட்டிருப்பான். போடாத கோட்டுக்கு அடி வாங்கியாகிவிட்டது, அந்த அடிக்காவது ஒன்று போட்டுவிட்டுப் போவோம் என்று கட்டை விரல் அளவுக்குப் போட்டிருக்கிறான். பெரிதாகப் போட அப்போதும் மனசு வரவில்லை அவனுக்கு.

அது எழும்பியது. வடக்கே காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரண்டு போன பிறகு ஃபேன் சுற்றுவது போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நிற்காத கோடு அதுவரை எங்கள் கம்பியில் தொங்கியதில்லை. ஆறுச்சாமிதான் சொன்னான், "லாரி ஓட்டறானுங்க."

அதிலிருந்து பாவாயி பட்டறைக்கு வராத நாள் இல்லை. கூட்டிப் பெருக்குவாள், தண்ணீர் டிரம்மை நிரப்புவாள், மீதி நேரம் சாக்குக்குள் தலையை விட்டு அந்தக் கட்டை விரல் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னைக்கு வடக்க மெதுவாப் போறான், மேடு போல இருக்குது" என்பாள். "நேத்திலேர்ந்து ஒரே எடத்துல நிக்குது, லோடு எறக்கறாங்களா என்னமோ" என்பாள். போட்ட கை கிட்டே வர வரக் கோடு விறைக்கும்; மாதத்தில் ஓரிரு நாள் அது திடீரென்று விறைத்து, வடக்கிலிருந்து தெற்கே சடாரென்று அரை வட்டம் அடித்துத் திரும்பும். அவன் ஊர் ஓரத்துப் பைபாஸில் நிற்காமல் தாண்டிப் போகிறான் என்று அதற்கு அர்த்தம். அவள் போட்டது போட்டபடி ஓடுவாள். பைபாஸில் லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் கையைக் காட்டுவாள். சில டிரைவர்கள் பாவம் என்று ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு தடவை அப்படி ஓடிக் களைத்துத் திரும்பி வந்தவளிடம் கலைமணி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, "உங்க பையன் முன்னால போற லாரியோட முதுகைத்தானே நாளெல்லாம் பாத்துக்கிட்டு ஓட்டறான்" என்றான். "சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, எழுதறேன்."

அவள் வெகுநேரம் யோசித்தாள். அவள் சொன்னதை அவன் பெரிய எழுத்தில், மஞ்சளில், ஓரத்துக்குச் சிவப்புக் கொடுத்து, பட்டறைக்கு வந்த லாரிகளின் பின் பலகையில் எழுதினான்:

பூபதி, நீளக் கோடு நீ போடலே. நாந்தான் தப்பா அடிச்சுட்டேன். அம்மா.

"ஏம்பா, நாக்பூர்ல இதை எவன் படிப்பான்?" என்று ஒரு லாரிக்காரர் கேட்டார்.

"படிக்க வேண்டியவன் ஒருத்தன்தானுங்க" என்றான் கலைமணி.

முப்பத்தொரு லாரிகள் அதைச் சுமந்துகொண்டு போயின. பிறகு வேறு ஊர்ப் பட்டறைகளிலும் அது என்னவோ வழித்துணைக்கு எழுதுகிற வாசகம் என்று நினைத்து, அதைப் பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எங்களிடம் வராத லாரிகளும் பாவாயியின் வார்த்தையோடு பைபாஸில் போயின. அவற்றின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது.

மார்கழி மாதம் கோடு ஒரே இடத்தில் நின்றது. வடக்கே பார்த்துக்கொண்டு, ஆடாமல், நாள் கணக்கில் நின்றது. பாவாயி சோறு இறங்காமல் கிடந்தாள். "தொங்கலியே, தொங்கலியே" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "தொங்கலேம்மா, நிக்குது" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கேயோ ஒரு லாரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டு அதைப் படித்துக்கொண்டு நிற்கிறான் என்று ஜமால் பாய் சொன்னார். அப்படியே வைத்துக்கொண்டோம்.

பிறகு அது அசைந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் விறைக்கத் தொடங்கி, சாயங்காலத்துக்குள் ஊசி போல ஆகிவிட்டது. பாவாயி பார்த்த மாத்திரத்தில் சேலையைச் செருகிக்கொண்டு பைபாஸுக்கு ஓடினாள். பொங்கலுக்கு வாசலின் ஒரு பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டு அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தோம், ஈரம் காயவில்லை, இடித்துக்கொள்ளாதே என்று நான் கத்தினது அவள் காதில் விழவில்லை. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விளக்கைப் போட்டேன். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது, சாக்கு சரசரத்தது, எல்லா வெள்ளிக்கிழமையும் போல நான் முதுகைத் திருப்பிக்கொண்டு டப்பாவைக் கலக்கத் தொடங்கினேன்.

நாலைந்து சுற்றுக் கலக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று கம்பியில் தொங்கியது ஒரே ஒரு கோடு. மற்றவை எல்லாம் போன வாரத்தோடு போய்விட்டன. அதை நான்தான் கழித்து வைத்திருந்தேன்.

குச்சி கையில் நின்றது. திரும்பினால் பார்த்துவிடலாம். இத்தனை பேருக்குத் திருப்பிய முதுகு, அதைத் தெரிந்துதான் ஒவ்வொருவரும் வந்தார்கள், அவனும் அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்திருப்பான். டீசல் வாசனையும் வியர்வை வாசனையும் என் பின்னால் நின்றன. டப்பாவைப் பார்த்தபடியே, "பூபதி, உங்கம்மா பைபாஸ்ல உன்ற லாரியைத் தேடிக்கிட்டு நிக்கறா சாமி" என்றேன்.

மூச்சு ஒன்று பெரிதாக வந்து நின்றது. பிறகு காலடிகள் வாசலுக்குப் போயின. அங்கே நின்றன. ஈரமான பெயிண்டில் எதுவோ இழுபடுகிற, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. திரும்பியபோது கம்பி காலியாக இருந்தது, ரோட்டில் யாரும் இல்லை. ஷட்டரின் பச்சையில், நெஞ்சு உயரத்தில், கட்டை விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது.

பாவாயி இருட்டுகிற நேரத்தில் வந்தாள். நான் ஷட்டரைக் கையால் காட்டினேன். அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். சாவிக் கோடு இல்லை, நகக் கோடு. உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டாகப் பிரிந்து ஓடியது. "சின்னதுல கதவுல நசுங்கிப் பொளந்த நகம்" என்றாள். "வெட்ட வெட்ட அப்புடியேதான் மொளைக்கும்."

"காஞ்சதும் தேய்ச்சு எடுத்தர்லாமுங்களா? எங்க இருக்கறான்னு காட்டும். இன்னும் தூரம் போயிருக்க மாட்டான்" என்றேன்.

அவள் ஷட்டரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தேய்த்தால் திக்குத் தெரியும், அவன் வந்து நின்றதற்கு அடையாளம் போய்விடும். தேய்க்காவிட்டால் அடையாளம் இருக்கும், திக்குத் தெரியாது. ஈரத்தில் பட்டுவிடாமல் அதன் மேல், தொடாமல், அவனை அறைந்த அந்தக் கையை வைத்துப் பார்த்தாள்.

"வேண்டாமுங்ணா" என்றாள். "அதை வாங்கிட்டுப் போறதுக்கு அவந்தான் வரோணும். காயட்டும்."

ஜமால் பாய் மறுநாள் ஷட்டருக்கு இரண்டாவது கோட்டிங் அடிக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டி விட்டுவிட்டு அடித்தார். அங்கே மட்டும் பச்சை கொஞ்சம் வெளுப்பு. பாவாயி காலையில் வந்ததும் அதைத்தான் தடவிப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமைகளில் இப்போது நானும் அவளும் இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதுவரை எங்கள் பட்டறையில் உரித்தது நூற்று நாற்பத்து மூன்று. போட்டவர்கள் வந்து வாங்கிப் போனது நூற்று முப்பத்தொன்பது. கூடுதுறையில் விட்டது நான்கு. கம்பியில் ஒன்றும் இல்லை. ஷட்டரில் இருப்பதை ஓரமாக நின்று பார்த்தால் இரண்டு போலத் தெரியும். நான் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். மிச்சம் ஒன்று.